ஒரு நாள் போட்டியின் எட்டாவது மாதம்

பந்து மேலே போனது தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலு இருபதுக்கு. எல்லாப் பந்தும் போகிற மாதிரிதான் அதுவும் போனது. மட்டையின் மேல்விளிம்பில் பட்டு, நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் மைதானத்து வேப்பமரங்களுக்கு மேலே ஏறி, இரண்டு தென்னை உயரம் தொட்டு, இறங்குவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்குமே, அப்படித் தயங்கியது, தயங்கினது அங்கேயே நின்றுகொண்டது. கீழே இரண்டு கையையும் குவித்து அண்ணாந்து நின்றவள் சௌடேஸ்வரி, கரூர் மாவட்ட அணிக்காரி, வயது இருபத்தெட்டு. பந்து ஏறும்போதே அவள் "எனக்கு" என்று கூவியிருந்தாள்.

அது மாவட்டங்களுக்கு இடையிலான மகளிர் ஒரு நாள் போட்டியின் இறுதி ஆட்டம், கரூருக்கும் நாமக்கல்லுக்கும். கடைசி ஓவரின் கடைசிப் பந்து, நாமக்கல்லின் கையில் இருந்தது கடைசி விக்கெட், ஜெயிக்க மூன்று ரன் வேண்டும். பந்தைத் தூக்கி அடித்த ரேணுகாதேவியும் எதிர்முனையில் நின்றவளும் ஓட ஆரம்பித்து, மூன்று ரன்னையும் ஓடி முடித்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். பந்து பிடிபட்டால் ஓடினது எல்லாம் வீண், ரேணுகாதேவி அவுட், கோப்பை கரூருக்கு. நழுவினால் மூன்று ரன்னும் உண்டு, கோப்பை நாமக்கல்லுக்கு. நடுவில் வேறு வழியே கிடையாது, எல்லாம் அந்த இரண்டு கையில் இருந்தது.

அந்தக் கையைப் பற்றித்தான் போன வருஷம் முழுக்கப் பேச்சு. போன வருஷமும் இதே நாமக்கல், இதே இறுதி ஆட்டம். அன்றைக்கு வந்த கேட்சைத் தூக்கத்தில்கூடப் பிடித்துவிடலாம், நேராக நெஞ்சுக்கு வந்தது, சௌடேஸ்வரி அதை வாங்கி, வாங்கினதைக் கீழே போட்டாள். கோட்டை விட்டவள் என்பதால் கோட்டை என்று பெயர் வந்தது. முதலில் அணிக்குள் கூப்பிட்டார்கள், பிறகு அவள் துண்டுகளில் பழுது தேடுகிற கரூர் ஜவுளிக் கம்பெனியின் செக்கிங் மேஜையில் கூப்பிட்டார்கள், பிறகு அவள் தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கிற வரிசையிலும் "கோட்டை, உன்ற கொடத்த நகத்து" என்றார்கள். சிரித்துக்கொண்டே சொன்னதால் சண்டை போடவும் முடியவில்லை. ஒரே ஒரு கேட்ச், அதே நாமக்கல்லுக்கு எதிராக, அதே இறுதி ஆட்டத்தில், அது ஒன்று போதும் என்று வருஷம் முழுக்க வயிறெரிந்து காத்திருந்தவள் அவள்.

கரூர் அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பந்துக்கு இரண்டு பேர் ஓடி முட்டிக்கொண்டு ஆளுக்கொரு பல்லை மண்ணில் விட்டுவந்த நாளில், கேப்டன் பர்வீன் பானு வைத்த வழக்கம் அது. கூவினவளுக்குத்தான் பந்து. மற்றவர்கள் பத்தடி விலகிவிட வேண்டும், அந்தப் பந்து முடிகிற வரைக்கும் அவளுக்குப் பதில் ஆள் போடக் கூடாது, உதவக் கூடாது, யோசனைகூடச் சொல்லக் கூடாது. எனவே பத்துப் பேரும் பத்தடி விலகி நின்றார்கள். விலகி நின்று களைத்து உட்கார்ந்தார்கள், இருட்டினதும் வேனில் ஏறி ஊருக்குப் போனார்கள்.

நடுவர் தமயந்தி, சேலத்தில் முப்பத்திரண்டு வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், விதிப்புத்தகத்தை உறை போட்டு வைத்திருப்பவர், யார் கேட்டும் அசைந்துகொடுக்கவில்லை.

"பந்து காத்துல இருக்குது. முடியாத பந்த முடிஞ்சுதுன்னு நான் எப்படிங்க சொல்றது? வரட்டும், பாத்துக்கலாம்."

வரும் வரும் என்று முதல் வாரம் ஊரே திரண்டு வந்து பார்த்தது, இரண்டாம் வாரம் வேலை இல்லாதவர்கள் பார்த்தார்கள், மூன்றாம் வாரம் வெளியூர்க்காரர்கள் பார்த்தார்கள், நான்காம் வாரத்திலிருந்து யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. வேலூர் அந்தப் பந்தைத் தன் பாட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டது. கண்டக்டர்கள் பந்து ஸ்டாப் என்று கூவி ஆள் இறக்கினார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் மண்டபத்துக்கு வழி பந்துக்குக் கிழக்கே என்று அச்சானது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற பெண்கள், பந்தின் நிழல் மைதானத்து வேலியைத் தொட்டால் சாப்பாட்டுக்குக் கரையேறினார்கள். பந்து நிற்கிற இடம் பேரூராட்சிக்குச் சேர்ந்ததா, பக்கத்து ஊராட்சிக்குச் சேர்ந்ததா என்று இரண்டு தரப்பும் நூல் பிடித்து அளந்து, அளந்த நூல் காற்றில் ஆடியதால் முடிவு தெரியாமல், கடைசியில் ஆளுக்கொரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மைனா அதன்மேல் வந்து உட்கார்ந்து பார்த்தது, வழுக்கியது, அப்புறம் வரவில்லை.

பந்து அசையாமல் நிற்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். அடியில் நின்றவளுக்குத்தான் தெரியும் அது அசைகிற அசைவு. காவிரிக்காற்று வந்தால் ஒரு சாண் மேற்கே போகும், அவளும் ஒரு சாண் போக வேண்டும். காற்று விழுந்தால் திரும்பி வரும், அவளும் திரும்ப வேண்டும். மாசியில் அவள் கையைக் குவித்தே வைத்திருந்தாள், பங்குனியில் கை தானாகத் தொங்கியது, சித்திரையில் வெயில் கண்ணைப் பிடுங்கியபோது கூலிங் கிளாஸ் கொண்டுவந்து மாட்டினார்கள். இறங்கு, இறங்கித் தொலை, என்று அவள் பந்தைப் பார்த்துத் திட்டாத நாளில்லை.

வேலையும் அவளைத் தேடி வந்துவிட்டது. நீண்ட லீவில் இருக்கிறவளைக் கம்பெனி எத்தனை நாளைக்குப் பொறுக்கும். சூப்பர்வைசர் துண்டுக் கட்டுகளை டெம்போவில் அனுப்பிவைத்தார். அவள் மேலே பார்த்தபடியே ஒவ்வொரு துண்டாக விரலால் தடவி, இழை விட்ட இடம், முடிச்சு விழுந்த இடம், ஓரம் பிசகின இடம் என்று ஒதுக்கினாள். கண்ணால் பார்த்த காலத்தைவிட இப்போது பழுது அதிகம் சிக்குகிறது என்று கம்பெனிக்கு ஒரே சந்தோஷம். அவளை நிரந்தரமாக அங்கேயே நிறுத்திவிடலாம் என்றுகூட யாரோ சொன்னார்களாம்.

அவளுக்குச் சோறு போட்டது எதிரி ஊர். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிற பாவாயக்கா, தாட்டியான மனுஷி, காலையில் ஏலத்தை முடித்துக்கொண்டு தூக்குப்போசியோடு மைதானத்துக்கு வந்துவிடுவாள். நாமக்கல் ஜெயிக்க வேண்டும் என்று கோயிலில் நேர்ந்துகொண்டிருப்பதை அவள் மறைக்கவே இல்லை.

"இந்தா அம்மிணி, அரிசியும் பருப்புஞ்சோறு, நெய் ஊத்தியிருக்கறேன். நல்லாச் சாப்புட்டுப்போட்டு, நல்லாக் கீழ போடு."

"போட மாட்டனுங்க்கா."

"சரி, போடாட்டிப் போ. சோத்த உண்ணு."

சௌடேஸ்வரி தூங்குவதற்குக் கயிற்றுக்கட்டில் கொண்டுவந்து போட்டவளும் பாவாயக்காதான். கட்டிலில் மல்லாந்து படுத்தால் பந்து நேர் மேலே தெரியும், ஆனால் கண் எத்தனை நேரம் திறந்திருக்கும். பந்து இறங்கினால் எழுப்பிவிடுகிறேன் என்று பாவாயக்கா பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தாள்.

"நெசமா எழுப்புவீங்களா?"

"எழுப்பாம என்ன பண்ணப்போறேன். ஆனா மெதுவாத்தான் எழுப்புவேன், இப்பவே சொல்லிப்போட்டேன்."

சௌடேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, அரைக்கண் மூடித்தான் தூங்கினாள்.

ஊர் பொறுத்துக்கொண்டது, போட்டியை நடத்துகிற கூட்டமைப்பு பொறுக்கவில்லை. இந்த இறுதி ஆட்டம் முடியாமல் அடுத்த வருஷப் போட்டிக்குத் தேதி போட முடியாது. பன்னிரண்டு மாவட்டத்துப் பெண்களும் கிட்பேக்கைப் பரணில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாதம் ஒரு கடிதம் வந்தது. முதல் கடிதம் விரைந்து பிடிக்குமாறு கேட்டுக்கொண்டது, இரண்டாவது வலியுறுத்தியது, மூன்றாவது தாமதத்துக்கு விளக்கம் கேட்டது. தாமதத்துக்கான விளக்கம் மைதானத்துக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருக்க, அதை எழுத்துமூலமாகத் தரச் சொன்ன புண்ணியவான்கள் அவர்கள். ஈரோட்டுப் பெண் ஒருத்தி பஸ் ஏறி வந்து, வேலிக்கு வெளியே நின்று, "புடிக்கிறதுன்னாப் புடி, இல்லைன்னா உடு, எங்க வயசு போகுது" என்று கத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அவளிடம் என்ன சொல்வது. சௌடேஸ்வரிக்கும் வயசு போய்க்கொண்டுதான் இருந்தது.

மட்டை பிடித்த ரேணுகாதேவிக்கு வைகாசியில் கல்யாணம் நடந்தது. அவுட்டா இல்லையா என்று தெரியாத நிலையில் காலில் கட்டின பேடைக் கழற்றக் கூடாது என்று நாமக்கல் கோச் சொல்லிவிட்டதால், பட்டுப்புடவைக்கு மேலே பேடைக் கட்டிக்கொண்டுதான் அவள் மணையில் உட்கார்ந்தாள். மறுவீட்டுக்குப் போகிற வழியில் மாப்பிள்ளையோடு மைதானத்துக்கு வந்து, சௌடேஸ்வரியின் வாயில் ஒரு லட்டைத் திணித்தாள்.

"என்னக்கா, எறங்குற மாதிரி தெரியுதா?"

"நேத்து ஒரு விரக்கட எறங்குன மாதிரி இருந்துது. காத்தா இருக்கும்."

"நானும் நெதம் கும்புட்டுட்டுத்தான் இருக்கறேன், நீங்க உடோணும்னு. கோவிச்சுக்காதீங்க."

கோவிப்பதற்கு என்ன இருக்கிறது. ஊரில் எல்லோரும் அவள் கை நழுவ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். கரூரிலிருந்து வருகிறவர்கள் குறைந்துபோனதுதான் அவளுக்கு எரிச்சல். முதலில் அணி முழுக்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தது, பிறகு பர்வீன் மட்டும் வந்தாள், பிறகு பர்வீன் போன் மட்டும் பண்ணினாள். "கோட்டை, இன்னும் நிக்கிறியாடி?" என்பாள். அன்பாகத்தான் கேட்டாள், ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை பாருங்கள், ஆறு மாதம் வெயிலில் நின்றும்.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு அவள் அம்மா வந்தாள். காவிரியில் ஊரே குளித்துவிட்டு ஈரத்தலையோடு மைதானத்தைக் கடந்துகொண்டிருந்தது. அம்மா மகளின் முன்னால் வந்து நின்று, பக்கவாட்டில் வந்து நின்று, கடைசியில் அவளுடைய தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள். தாடை வரவில்லை.

"ஒரு வாட்டி என்ற மூஞ்சியப் பாரு சௌடி. ஒரே ஒரு வாட்டி."

"பாக்குற நேரத்துல எறங்கிருச்சுன்னா?" என்றாள் சௌடேஸ்வரி. உண்மை அதுவல்ல. கழுத்து ஆனி மாதமே பூட்டிக்கொண்டுவிட்டது. சோற்றை விரலால் துழாவித்தான் தின்றாள். தன் பாதத்தைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. எப்போதாவது முதுகுத்தண்டில் மின்சாரம் ஓடினது மாதிரி வலித்து, கண்ணில் தண்ணீர் முட்டினால் வெயில் என்று சொல்லிக்கொண்டாள். வலி என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அம்மா கொண்டுவந்த புளிசாதத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

அம்மாவை ஏமாற்றினாள், பாவாயக்காவை ஏமாற்ற முடியவில்லை. ஆவணி பிறந்து நாலாவது நாள், சோற்றில் கிடந்த மிளகாயைக் கத்தரிக்காய் என்று நினைத்துக் கடித்து அவள் துடித்தபோது, பாவாயக்கா அவள் பிடரியில் கையை வைத்து அழுத்தினாள். அதற்கு வந்த அலறலில் கொடிக்காலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

"எத்தன நாளா அம்மிணி?"

"யார்ட்டயும் சொல்லீராதீங்க்கா. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்."

பாவாயக்கா அவள் பிடரியிலிருந்து கையை எடுத்தாள். தூக்குப்போசியைக் கழுவிக்கூட எடுக்காமல் எழுந்துபோனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டமைப்பு இரண்டு அணிகளையும் மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தது, செயலாளர் நேரில் விளக்கம் கேட்பதற்காக. ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, மைக்கும் வைத்திருந்தார்கள். கரூர் பெண்கள் வெள்ளை உடையைத் தேடியெடுத்துப் போட்டு வந்திருந்தார்கள், இரண்டு பேருக்கு இடுப்பில் பொத்தான் சேரவில்லை. ரேணுகாதேவி பேடோடு வந்தாள். செயலாளர் மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்று ஆரம்பித்த நேரத்தில், பாவாயக்கா நேராக நடுவர் தமயந்தியிடம் போய்க் காதருகே குனிந்தாள்.

தமயந்தி எழுந்து சௌடேஸ்வரியிடம் நடந்தார். எட்டு மாதமாகத் தன் முனையை விட்டு அகலாத மனுஷி, குடையைக்கூட அங்கேயே நட்டு வைத்துக்கொண்டு பென்ஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர், முதல்முறையாக அவள் அருகில் வந்து, பிடரியில் இரண்டு விரலை வைத்தார். சௌடேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், உடம்பு தானாக நடுங்கியது. தமயந்திக்கு உறை போட்ட புத்தகத்தைத் திறக்கத் தேவையிருக்கவில்லை. ஆட்டக்காரருக்குக் கடுமையான காயம் என்றால் நடுவர் பந்தை நிறுத்தலாம், அது அவருக்கு மனப்பாடம்.

"போதும் கண்ணு. வீட்டுக்குப் போ."

"மேடம், வேண்டாங்க மேடம். எனக்கு ஒண்ணுமில்லீங்க. மேடம்."

தமயந்தி இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே குறுக்காக வீசி, டெட் பால், என்று உரக்கச் சொன்னார்.

சொல்லி முடித்ததும் பந்து இறங்கியது. சௌடேஸ்வரிதான் முதலில் பார்த்தாள், அவள் மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்து உயரத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தது போல அது சீறிக்கொண்டு வந்தது. காற்று அதை வடக்கே தள்ள, பூட்டின கழுத்தோடு, தரை தெரியாத காலோடு, அவள் ஓடினாள், கட்டிலைத் தாண்டினாள், துண்டுக்கட்டில் இடறினாள், இடறி விழுந்துகொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். படீர் என்ற சத்தம் மைக்கில் கேட்டது. தரையில் குப்புறக் கிடந்தவளின் கை மட்டும் மேலே தூக்கி நின்றது, அதில் பந்து இருந்தது. அப்படி ஒரு கேட்சை அந்த மாவட்டத்திலும் இந்த மாவட்டத்திலும் யாரும் பார்த்ததில்லை.

யாரும் கை தட்டவில்லை. எப்படித் தட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

செயலாளர் போட்டி விதிகளைப் புரட்டி, டெட் பால் என்றால் அந்தப் பந்து கிடையாது, ஓடின ரன்னும் கிடையாது, பிடித்த கேட்சும் கிடையாது, மறுபடி ஒரு பந்து போட வேண்டும், அதையும் இப்போதே போட்டுவிட வேண்டும் என்று மைக்கிலேயே அறிவித்தார். அவர் முகத்தில் எட்டு மாதத்துக்கு அப்புறம் ஒரு வெளிச்சம். சௌடேஸ்வரி எழுந்து பாவாயக்காவைத் தேடிப்போய், தலையைத் தாழ்த்த முடியாததால் கண்ணை மட்டும் தாழ்த்தி அவளைப் பார்த்தாள்.

"உங்க ஊருக்கு இன்னொரு பந்து கெடைக்கோணும்னுதான சொன்னீங்க?"

"இல்ல அம்மிணி."

"சோறு போட்டு, கட்டல் போட்டு, கடசீல இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே."

பாவாயக்கா அவள் கையைப் பிடிக்க வந்தாள். அதற்குள் பர்வீன் கூப்பிட்டுவிட்டாள், சௌடேஸ்வரி, வீட்டுக்குப் போகச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், போய்த் தன் இடத்தில் நின்றாள். வா, இன்னொரு தடவை வா, என் பக்கமே வா என்று அவள் பல்லுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பர்வீன் ஓடி வந்து போட்டாள். ரேணுகாதேவி கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுற்றினாள். பந்து மட்டையில் படவே இல்லை, நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போய் விழுந்தது. எட்டாவது மாதம் வரைக்கும் நடந்த ஒரு நாள் போட்டி கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துபோயிற்று. கரூர் ஜெயித்தது.

எல்லோரும் பர்வீனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாவாயக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். தன் ஊர் தோற்றதற்கா, தான் செய்த காரியத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் அவள் சூழ்ச்சி செய்யவில்லை என்பது சௌடேஸ்வரிக்கு அப்போது விளங்கியது. விளங்கினதும் கோபம் குறையாமல், காட்டுவதற்கு ஒரு ஆளில்லாமல், நெஞ்சிலேயே நின்றது. அவள் ஸ்கோர் எழுதுகிறவரிடம் போனாள். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். சௌடேஸ்வரி, ஏழு ரன், ரன் அவுட். அவ்வளவுதான் இருந்தது.

"நான் புடிச்சது?"

"பாத்தேன் சாமி. என்ற கண்ணால பாத்தேன். டெட் பாலுக்கு ஒரு புள்ளிகூட வெக்க முடியாதே."

தமயந்தியும் அதையேதான் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கலங்கி என்ன செய்ய.

வேன் கிளம்பியபோது பின்னால் ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் கண்டக்டர் ஒருவன் பழக்க தோஷத்தில் பந்து ஸ்டாப் என்றே கூவிக்கொண்டிருந்தான். வேனுக்குள் கோப்பை கைக்குக் கை மாறியது, பாட்டு அலறியது, சௌடேஸ்வரி ஜன்னலோரம் வேனின் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏய் கோட்டை, அதான் ஜெயிச்சாச்சுல்ல, அப்புறம் ஏன்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்றாள் பர்வீன்.

சௌடேஸ்வரி மெதுவாகக் கையை விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளங்கை நடுவே பந்தின் வட்டம் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது, தையல் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணலாம் போல விழுந்திருந்தது. பர்வீன் பாட்டை நிறுத்தச் சொன்னாள். வேன் காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தது. அந்தச் சிவப்பு ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்துவிட்டதை விரலால் தடவியே சௌடேஸ்வரி கண்டுபிடித்தாள்.

"எல்லாரும் வாங்கடி," என்றாள். "இது மறையறதுக்குள்ள வந்து பாத்துக்கோங்க."

ஓடுகிற வேனில் ஒவ்வொருத்தியாக இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்கள்.